விக்டோரியாவின் இத்தாலியப் பாணி மரவீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் மேற்குக் கோடியில், வான்கூவர் தீவின் தென்முனையில் இருக்கிறது விக்டோரியா நகரம். 1843இல் விலங்குத் தோல் வணிகம் செய்த ஹட்சன்ஸ் பே கம்பெனி கட்டிய கோட்டையாகத் தொடங்கிய ஊர் இது. 1858இல் ஃப்ரேசர் ஆற்றங்கரையில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் ஒரே ஆண்டில் வணிக நகரமாகிவிட்டது. அந்தப் பணத்தில் 1860களில் எழுந்த வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன. ஓவியர் எமிலி கார் பிறந்த வீடும், கோர்ஜ் நீர்வழிக் கரையிலுள்ள பாயின்ட் எலிஸ் வீடும் அவற்றில் பெயர்பெற்றவை. இரண்டும் மரத்தால் ஆனவை, இரண்டும் இத்தாலியப் பாணி. இவற்றை முன்வைத்து, இத்தகைய வீடுகளின் மரபு மதிப்பு, சட்டம், பழுது ஆகியவை பற்றி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

இத்தாலியப் பாணி என்றால் இத்தாலியர்கள் கட்டியதா?

இல்லை. இத்தாலிய நாட்டுப்புறப் பண்ணைவீடுகளைப் பார்த்து ஆங்கிலேயர் உருவாக்கிக்கொண்ட பாணி. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஜான் நாஷ் வடிவமைத்த கிராங்க்ஹில் வீட்டை (1802) இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். விக்டோரியா அரசியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் வைட் தீவில் 1845இல் ஆஸ்போர்ன் மாளிகையைக் கட்டத் தொடங்கியபின் பாணிக்கு அந்தஸ்து வந்துவிட்டது. அமெரிக்காவில் இதைப் பரப்பியவர் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங். 1842இலும் 1850இலும் அவர் வெளியிட்ட வீட்டு வரைபட நூல்களைக் கையில் வைத்துக்கொண்டே ஊர்த் தச்சர்கள் வீடு கட்டினார்கள். அங்கிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ, அங்கிருந்து கப்பலில் விக்டோரியா. ஆக, மூன்று கை மாறி வந்த இத்தாலி இது.

கல்லில் கட்ட வேண்டிய பாணியை ஏன் மரத்தில் கட்டினார்கள்?

பசிபிக் கரையில் மலிவானது மரம்தான். டக்ளஸ் ஃபிர், மேற்குச் செந்தேவதாரு, கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ரெட்வுட் எல்லாம் தாராளமாகக் கிடைத்தன. நீராவியில் ஓடும் அறுவை ஆலைகளும் இழைப்பு ஆலைகளும் வந்துவிட்டதால், ஒரு சிற்பி கல்லில் மாதக்கணக்கில் செதுக்க வேண்டியதை மெல்லிய வளைவு ரம்பம் ஒரு மணி நேரத்தில் மரத்தில் வெட்டித் தந்தது.

கட்டியவர்கள் மரத்தை மரமாகக் காட்ட விரும்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சுவர் மூலைகளில் கல்லடுக்குப் போலக் கட்டைகளைப் பதித்தார்கள். சில இடங்களில் ஈரப் பூச்சின்மேல் மணலைத் தூவிக் கல்லின் சொரசொரப்பை வரவழைத்தார்கள். இன்று அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்து, "அழகான மர ரேகை தெரியட்டும்" என்று வார்னிஷ் அடிப்பவர்கள் பழமையை மீட்கவில்லை. அந்த வீடு ஒருநாளும் இருந்திராத ஒரு கோலத்தைப் போடுகிறார்கள்.

இந்தப் பாணியை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் கூரையைப் பாருங்கள். சரிவு குறைவாக இருக்கும். இறவாணம், அதாவது கூரையின் கீழ்விளிம்பு, சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டிருக்கும். அதன் அடியில் வளைவாக வெட்டிய தாங்குகட்டைகள், தனித்தனியாகவோ இரட்டை இரட்டையாகவோ வரிசையாக நிற்கும். ஜன்னல்கள் ஒடுங்கி உயரமாக, பல வீடுகளில் மேற்புறம் மெல்லிய வளைவோடு, புருவம்போல் ஒரு மேல்விளிம்போடு இருக்கும். முன்பக்கம் துருத்திய ஜன்னல் மாடம் உண்டு. செல்வர் வீடுகளில் கூரை உச்சியில் சிறு காட்சிமாடமும் வரும்.

இவற்றில் ஒன்றே ஒன்றை வைத்துப் பாணியைச் சொல்ல வேண்டுமானால் இறவாணத்தையும் தாங்குகட்டையையும் சொல்லலாம். இந்த வீடுகள் கெட்டுப்போகத் தொடங்குவதும் அங்கேதான். பழுது செலவு அதிகம் என்று தாங்குகட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பெட்டி. கீழே வரும் பதில்களில் சில இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் இருக்கும்.

எமிலி கார் பிறந்த வீட்டின் மதிப்பு அந்த ஓவியரால் வந்ததா, கட்டடத்தால் வந்ததா?

இரண்டாலும். ஆனால் சம அளவில் அல்ல. வணிகர் ரிச்சர்ட் கார் கலிஃபோர்னியாவில் பொருளீட்டிவிட்டு 1863இல் விக்டோரியாவுக்குக் குடிவந்தார். ஜேம்ஸ் பே பகுதியில் 1863-64இல் அவருக்காக இந்த வீட்டை வடிவமைத்தவர்கள் ரைட்டும் சாண்டர்ஸும். அந்நாளில் நகரின் முதன்மையான கட்டடக்கலைக் கூட்டாளிகள் அவர்களே. சில ஆண்டுகளில் அவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டதால் விக்டோரியாவில் அவர்கள் கைவேலை குறைவு. அதனால் கட்டட மதிப்புக்கே ஒரு எடை உண்டு.

எமிலி இங்கே 1871 டிசம்பர் 13 அன்று பிறந்தார். தாய் 1886இலும் தந்தை 1888இலும் இறந்தபின் வீட்டை மூத்த சகோதரி நடத்தினார். பசிபிக் கரையின் காடுகளையும் பூர்வகுடிகள் குலச்சின்னம் செதுக்கிய மரத் தூண்களையும் வரைந்த எமிலியின் ஓவியங்கள் நாட்டின் கவனத்துக்கு வந்தது 1927இல் ஒட்டாவாவில் நடந்த கண்காட்சியில்தான். அப்போது அவருக்கு 55 வயது. வீடு 1964இல் தேசிய வரலாற்றுத் தலம் ஆனதற்கு அவருடைய பிறப்பும் இளமையும் முதற்காரணம்.

ஒரு சிறு நினைவூட்டல். அவர் இந்த வீட்டிலேயே வாழ்ந்து வரைந்தார் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் 1913இல் குடும்ப நிலத்தின் இன்னொரு பகுதியில் சிம்கோ தெருவில் வாடகைக் குடியிருப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு அங்கே போனார். ஓவியக்கூடம் அங்கேதான் இருந்தது. மதிப்பை எழுதும்போது எந்த வீட்டுக்கு எந்தக் காலம் என்று பிரித்துச் சொல்வது முக்கியம்.

பாயின்ட் எலிஸ் வீடு ஒரே தளம்தானே? அதற்கு ஏன் இவ்வளவு புகழ்?

கட்டடம் 1861-62இல் எழுந்தது. 1867இல் தங்கவயல் ஆணையராகவும் நீதிபதியாகவும் இருந்த பீட்டர் ஓ'ரைலி வாங்கினார். பிறகு நூறாண்டுக்கும் மேலாக ஒரே குடும்பம். அவர்கள் எதையும் எளிதில் தூக்கிப்போடவில்லை. மேசை, பீங்கான், துணிமணி, சமையல் சாமான், ரசீதுகள் என்று அவரவர் புழங்கிய பொருள் புழங்கிய அறையிலேயே இருந்துவிட்டது. அருங்காட்சியகங்கள் காலத்துக்கு ஏற்ற பொருளை வெளியே தேடி வாங்கி அறையை அலங்கரிப்பது வழக்கம். இங்கே அந்த வேலை இல்லை. ஆகவே, இந்த வீட்டில் ஒரு நாற்காலியை அறை மாற்றிப் போடுவதும் மதிப்பைத் தொடும் செயல்.

சுற்றுப்புறம் இன்று தொழிற்சாலைப் பகுதி. தோட்டமும் நீர்க்கரையும் மட்டும் பழைய எல்லையைக் காட்டி நிற்கின்றன. அதனால் தோட்டத்துக்குப் பங்கு அதிகம்.

"மரபு மதிப்பு" என்று எழுதுவது எப்படி? வாய்க்கு வந்த புகழ்ச்சியா?

கனடாவில் அதற்கு ஒரு வடிவம் உண்டு. மதிப்பு விளக்கம் என்ற ஆவணம் மூன்று பகுதிகளால் ஆனது. முதலில், இடம் எது, எல்லை எதுவரை என்ற வர்ணனை. இரண்டாவது, அது ஏன் முக்கியம். மூன்றாவது, அந்த முக்கியத்துவத்தைத் தாங்கி நிற்கும் கண்ணுக்குத் தெரியும் கூறுகளின் பட்டியல், அதாவது அடையாளக் கூறுகள். கூட்டாட்சி, மாகாண, வட்டார அரசுகள் சேர்ந்து உருவாக்கிய பாதுகாப்புத் தரநெறிகள் (2003, இரண்டாம் பதிப்பு 2010) இதையே அடிப்படையாகக் கொள்கின்றன.

நடைமுறையில் உயிர்நாடி மூன்றாம் பகுதி. "அழகிய மர வேலைப்பாடு" என்று எழுதினால் பத்தாண்டு கழித்து வரும் ஒப்பந்ததாரருக்கு அது ஒன்றும் சொல்லாது. எழுத வேண்டிய விதம் இது: "தெற்கு, கிழக்கு முகங்களில் இறவாணத்தின் அடியில் இரட்டைத் தாங்குகட்டைகள், முன்முகத்தில் இரண்டு கண்ணாடிக்குக் கீழ் இரண்டு கண்ணாடி கொண்ட மேல்கீழ் நகரும் ஜன்னல்கள், நான்கில் அசல் கண்ணாடி, செங்கல் புகைபோக்கி ஒன்று, நடுக் கூரையில்." எண்ணி, திசை சொல்லி, பொருள் சொல்லி எழுதுங்கள். பட்டியலில் இல்லாத கூறைக் காப்பாற்றுவது பிறகு பெரும்பாடு. பின்வாசல், சமையலறை, நிலவறை மூன்றும் வழக்கமாக விடுபடும்.

பழைய விளக்கங்களில் வேறு என்ன விடுபடுகிறது?

மனிதர்கள். 1960களிலும் 70களிலும் எழுதிய குறிப்புகள் உரிமையாளரின் பெயரோடு நின்றுவிடும். இந்த ஊர் நிற்பது லெக்வுங்கன் மொழி பேசும் சோங்ஹீஸ், எஸ்கைமால்ட் பூர்வகுடி மக்களின் நிலத்தில். ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் 1850களில் அவர்களோடு செய்த டக்ளஸ் ஒப்பந்தங்கள் மூலம் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. வசதியான வீடுகளின் சமையலறைகளை நடத்தியவர்களில் பலர் சீனர்கள். பின்படிக்கட்டு ஏன் அவ்வளவு குறுகல், பணியாள் அறைக்கு ஏன் கணப்பு இல்லை என்ற கேள்விகளுக்கு விடை அவர்கள் வாழ்வில் இருக்கிறது. "பின்பகுதி சாதாரணமானது, இடிக்கலாம்" என்று எழுதும் அறிக்கையை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

தேசிய வரலாற்றுத் தலம் என்று அறிவித்துவிட்டால் இடிக்க முடியாதுதானே?

பரவலான தவறான எண்ணம் இது. தேசிய அறிவிப்பு ஒரு மரியாதை. தனியார் சொத்தை அது சட்டப்படி காக்காது. காப்பு வர வேண்டியது மாகாணச் சட்டத்திலிருந்தோ நகராட்சியிலிருந்தோதான்.

விக்டோரியா இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நகராட்சி அளவில் இரண்டு படிகள் உண்டு. முதற்படி, மரபுப் பட்டியலில் சேர்ப்பது. இதனால் நிரந்தரக் காப்பு இல்லை. இடிப்பு விண்ணப்பம் வந்தால் நகராட்சி சிறிது காலம் நிறுத்திவைத்து யோசிக்கலாம், அவ்வளவே. இரண்டாம் படி, துணைவிதி இயற்றி மரபுச் சின்னமாக அறிவிப்பது. இதன்பின் வெளிப்புற மாற்றத்துக்கு மரபு மாற்ற அனுமதி வேண்டும். இந்த அறிவிப்பால் சொத்தின் சந்தை விலை குறைந்தால் உரிமையாளர் இழப்பீடு கேட்க மாகாணச் சட்டம் இடம் தருகிறது. அதனால் நகராட்சிகள் உரிமையாளர் சம்மதமில்லாமல் அறிவிக்கத் தயங்குகின்றன.

மூன்றாவது வழி ஒப்பந்தம். வீட்டைக் காப்பதாக உரிமையாளர் உறுதி தருவார். பதிலுக்கு நகராட்சி நிலப் பயன்பாடு, கட்டட அடர்த்தி, வாகன நிறுத்த விதிகளைத் தளர்த்தும். பின்புறத்தில் இன்னொரு வீடு கட்டிக்கொள்ள அனுமதி பெற்று, அந்த வருமானத்தில் முன்வீட்டைச் சீர்செய்வது இப்படித்தான் நடக்கிறது.

விக்டோரியாவில் சின்னமாக அறிவிக்கப்பட்ட வீடுகளுக்கு வெளிப்புறப் பழுதுக்கு மானியம் தரும் ஏற்பாடு உண்டு. விண்ணப்பம் வேலைக்கு முன் போக வேண்டும். சாரம் கட்டியபிறகு மானியத்தை நினைப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

ஒன்டாரியோவிலும் இதே விதியா?

இல்லை. தமிழர்கள் மிகுதியாக வாழும் மாகாணம் என்பதால் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறோம். அங்கே 1975ஆம் ஆண்டின் ஒன்டாரியோ மரபுச் சட்டம் நடப்பில் உள்ளது. நான்காம் பகுதி தனி வீடுகளுக்கு, ஐந்தாம் பகுதி முழுத் தெரு அல்லது வட்டாரத்துக்கு. வெறும் பட்டியலில் மட்டும் இருக்கும் வீட்டை இடிக்க 60 நாள் முன்னறிவிப்புத் தந்தால் போதும், அதற்குள் நகராட்சி முடிவெடுக்க வேண்டும். விலை குறைந்ததென்று இழப்பீடு கேட்கும் உரிமை அங்கே இல்லை. மேல்முறையீட்டுக்கு நிலத் தீர்ப்பாயம் இருக்கிறது. வீடு வாங்குவதற்கு முன் நகராட்சி எழுத்தர் அலுவலகத்தில், சின்னமாக அறிவிக்கப்பட்டவை, வெறும் பட்டியலில் மட்டும் உள்ளவை என இரண்டு பட்டியலையும் கேட்டுப் பாருங்கள்.

இறவாணத்தில் ஏன் இவ்வளவு பழுது?

மழைநீர் போகும் வழியை வெளியே தெரியாமல் மறைத்ததால். இந்தப் பாணியில் பல வீடுகளில் மழைநீர்க் கால்வாய் கூரை விளிம்பிலேயே குழிந்த பெட்டியாக உள்ளடங்கியிருக்கும். கீழிருந்து பார்த்தால் தெரியாது. பெட்டி மரம், உள்ளே தகடு. தகட்டில் ஒரு மூட்டு விட்டால் தண்ணீர் வெளியே சொட்டாது. நேராக இறவாணத்துக்குள் இறங்கித் தாங்குகட்டையின் தலையை நனைக்கும். தலை என்பது மரத்தின் வெட்டுமுகம். பக்கவாட்டை விட வெட்டுமுகம் பலமடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். விக்டோரியாவில் கோடை வறண்டது, மழை குளிர்காலம் முழுக்கப் பெய்வது. உள்ளே போன ஈரம் மாதக்கணக்கில் காயாது. கீழே பெயின்ட் கொப்புளம் தெரியும் நாளில் மேலே பலகை இற்றுப்போயிருக்கும்.

சீர்செய்யும் முறை: நல்ல மழையில் குடையோடு வீட்டைச் சுற்றி வந்து எங்கே வழிகிறது, எங்கே ஊறுகிறது என்று குறியுங்கள். பிறகு பழைய தகட்டை முழுவதும் எடுத்து அடிப்பலகையைப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் என்ற வாட்டம் கிடைக்கும்படி பலகையைத் திருத்துங்கள். வீடு ஒருபக்கம் இறங்கியிருந்தால் பழைய வாட்டம் தலைகீழாகியிருக்கும். புதிய தகடு செம்பென்றால் சுமார் 0.7 மில்லிமீட்டர் தடிப்பு, மூட்டுகளில் ஈயப்பற்று. நீளமான ஓட்டத்தில் 10 மீட்டருக்குள் ஒரு விரிவு மூட்டு விடுங்கள். செம்பு வெயிலில் நீளும், இடம் கொடுக்காவிட்டால் பற்று கிழியும்.

கூரையில் செந்தேவதாரு ஓடுகள் இருந்தால் செம்பைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும். அந்த மரத்தில் ஊறிவரும் நீரிலுள்ள அமிலம், சொட்டும் இடத்தில் செம்பைத் துளைத்துவிடும். பூச்சுள்ள துருவேறா எஃகுத் தகடு அங்கே பொருத்தம்.

பழைய தகட்டின்மேல் தார் பூசி ஒப்பேற்றாதீர்கள். தார் ஓரிரு குளிர்காலம் தாங்கும், பிறகு வெடித்து அடியில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அடுத்தவருக்கு ஓட்டை எங்கே என்றே தெரியாது. ஆண்டுக்கு இருமுறை, இலையுதிர்வு முடிந்தபின்னும் வசந்தத்திலும், சருகை வாரிவிடுவது இவை எல்லாவற்றையும் விட மலிவு.

தாங்குகட்டை இற்றுவிட்டது. புதிதாகச் செய்து மாட்டலாமா?

முதலில் எவ்வளவு இற்றிருக்கிறது என்று பாருங்கள். குத்தூசியால் குத்தி நெம்பினால் நல்ல மரம் நீளமான சிம்பாகப் பிளக்கும். இற்ற மரம் சிறுசிறு துண்டாக ஒடியும். ஈரமானி 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் நீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அதை நிறுத்தாமல் மரத்தைத் தொடாதீர்கள்.

கழற்றுமுன் ஒவ்வொன்றுக்கும் எண் அடித்த தகட்டைப் பின்பக்கம் அறைந்து, படம் எடுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இடத்துக்கு இடம் சில மில்லிமீட்டர் வேறுபடும். பழைய தச்சர் சுவரின் கோணலுக்கு ஏற்பச் செதுக்கியிருப்பார். கால்பங்கு மட்டும் போயிருந்தால் இற்ற பகுதியை நேர்கோட்டில் வெட்டி எடுத்து, அதே மரத்தில், அதே ரேகைத் திசையில் துண்டு பதித்து நீர்தாங்கும் பசையால் ஒட்டுங்கள். சிறு குழிகளுக்கு எபாக்சி (கலந்ததும் கெட்டியாக இறுகும் பசை) போதும். முழுக் கட்டையையே எபாக்சியால் வார்ப்பது வேண்டாம். மரம் ஈரத்துக்கேற்ப வீங்கிச் சுருங்கும், எபாக்சி சுருங்காது, இடைவெளியில் தண்ணீர் நிற்கும்.

160 ஆண்டுக்கு முந்தைய மரம் முதிர்காட்டு மரம். வளையங்கள் நெருக்கம், வைரம் பாய்ந்தது. இன்று கடையில் கிடைக்கும் ரெட்வுட்டோ ஃபிரோ வேகமாக வளர்த்த இளமரம், வெள்ளை கலந்தது. பழையதில் பாதி நன்றாக இருந்தாலும் அதைக் காப்பதே லாபம். எமிலி காரின் வீடு கலிஃபோர்னிய ரெட்வுட்டால் ஆனதென்று அவரே தம் இளமை நினைவுகளில் குறித்திருக்கிறார். அந்தத் தரத்தில் மரம் வாங்க வேண்டுமானால் இடித்த கட்டடங்களின் மரம் விற்கும் இடங்களில்தான் தேட வேண்டும்.

திரும்ப மாட்டும்போது வெட்டுமுகங்களுக்கு இரண்டு கை பிரைமர் (அடிப்பூச்சு), துருவேறா எஃகுத் திருகாணி. சாதாரண இரும்பாணி போட்டால் ரெட்வுட்டிலும் செந்தேவதாருவிலும் உள்ள துவர்ப்பொருள் இரும்போடு சேர்ந்து கறுப்பாக வழியும்.

ஜன்னலை இரட்டைக் கண்ணாடிக்கு மாற்றினால் குளிர் குறையாதா?

குறையும். ஆனால் அதே அளவை மிகக் குறைந்த செலவில் பெறலாம். பழைய ஜன்னலைச் சீர்செய்து, இடுக்குகளை அடைத்து, வெளியிலோ உள்ளேயோ ஒரு புயல் ஜன்னல் (பழைய ஜன்னலோடு சேர்த்து வைக்கும் கூடுதல் கண்ணாடிச் சட்டம்) பொருத்தினால் பலன் இரட்டைக் கண்ணாடிக்கு அருகில் வந்துவிடும். ஆலையில் மூடி ஒட்டிய இரட்டைக் கண்ணாடி, ஒட்டு விட்டதும் உள்ளே பனிபடர்ந்து குருடாகும். அதைப் பழுதுபார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். பழைய ஜன்னலில் ஒவ்வொரு உறுப்பையும் தனியே கழற்றி மாற்றலாம்.

பொதுவான குறைகள் மூன்று: பெயின்ட் ஒட்டி நகராமல் போவது, சட்டத்துக்கு எதிரெடையாகத் தொங்கும் எடைக்குண்டின் கயிறு அறுவது, கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்துவைக்கும் புட்டி உதிர்வது. வேலை இப்படிப் போகும். உட்புறத் தடுப்புச் சட்டத்தை மெல்லிய தகடால் நெம்பி எடுங்கள். கீழ்ச்சட்டம் வெளியே வரும். நிலையின் பக்கத்தில் திருகாணி போட்ட சிறு மூடி இருக்கும், அதைத் திறந்தால் எடைக்குண்டு. பருத்திக் கயிற்றைப் புதிதாகக் கோத்து, சட்டம் முழுக்க இறங்கியிருக்கும்போது குண்டு கப்பியில் மோதாமலும், முழுக்க ஏறியிருக்கும்போது அடியில் தட்டாமலும் நீளத்தைச் சரிபாருங்கள். பழைய புட்டியை நீராவியால் இளக்கி எடுங்கள், உளியால் உடைத்தால் கண்ணாடி போய்விடும். லேசாக அலையோடும் அந்தக் கண்ணாடியே அசலின் சான்று. வெறும் மரத்தில் நேரே புட்டி வைத்தால் எண்ணெயை மரம் உறிஞ்சி ஒரே ஆண்டில் வெடிக்கும். எனவே முதலில் எண்ணெய்ப் பிரைமர் பூசுங்கள். ஆளிவிதை எண்ணெய்ப் புட்டி மேல்தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதன்பின் பெயின்ட். தூரிகை கண்ணாடிமேல் 2 மில்லிமீட்டர் ஏறட்டும், அந்தக் கோடுதான் தண்ணீரைத் தடுக்கும். சுத்தம் பார்த்து அதை முழுக்கச் சுரண்டிவிடுபவர்கள் உண்டு. அவர்கள் ஜன்னல்தான் முதலில் இறும்.

பெயின்ட் உரிகிறது. எல்லாவற்றையும் சுரண்டிவிடலாமா?

வேண்டாம், இரண்டு காரணம். ஒன்று ஈயம். 1960க்கு முந்தைய எந்த வீட்டிலும் ஈயப் பெயின்ட் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் எந்திரத்தால் தேய்க்காதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள். தரையில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு, நுண்துகள் வடிகட்டி கொண்ட முகமூடியும் உறிஞ்சியும் வேண்டும். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வெப்பத்தால் இளக்குவதானால் 400 டிகிரி செல்சியசுக்குக் கீழே. தீச்சுவாலை அறவே கூடாது. இறவாணத்துக்குள் பழைய குருவிக்கூடும் தூசியும் அடைந்திருக்கும். சுவாலை ஒரு இடுக்கில் நுழைந்து, வேலையாட்கள் போனபின் மணிக்கணக்கில் கனன்று, இரவில் பற்றிக்கொள்ளும். பழைய மரவீடுகள் எரிந்ததற்கு இது பழகிப்போன காரணம். மாலை வேலை முடிவதற்குச் சில மணி நேரம் முன்பே வெப்பக் கருவியை நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது காரணம், அடுக்குகளே வரலாறு. தளர்ந்ததை மட்டும் எடுங்கள். வெயில்மழை படாத ஒரு மூலையில் 15 சென்டிமீட்டர் சதுரத்தை எல்லா அடுக்கோடும் அப்படியே விடுங்கள். மரத்தின் ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே வந்தபிறகே பிரைமர்.

உரிவது ஒரே அறையின் வெளிச்சுவரில் மட்டுமென்றால் குற்றம் பெயின்டில் இல்லை. உள்ளே குளியலறையோ சமையலறையோ இருக்கும். ஆவி சுவர் வழியாக வெளியேறித் தள்ளுகிறது. அங்கே காற்றுறிஞ்சியைச் சரிசெய்யுங்கள்.

அசல் நிறம் வெள்ளைதானே?

பெரும்பாலும் இல்லை. டவுனிங் வெள்ளையைக் கடிந்தவர். இயற்கைக் காட்சியில் கண்ணை உறுத்துகிறது என்பது அவர் வாதம். கல், மணல், வைக்கோல், மங்கிய பழுப்பு ஆகியவையே பாணியின் நிறங்கள். விளிம்புகள் சற்று அடர்த்தியாகவோ வெளிறியோ இருக்கும். உறுதிசெய்ய, சுவர், விளிம்பு, ஜன்னல் சட்டம், கதவு என ஒரு வீட்டில் குறைந்தது 12 இடங்களில் சிறு மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் அடுக்கை எண்ண வேண்டும். எண்ணெய்ப் பூச்சு இருட்டில் மஞ்சளாகும், வெயிலில் வெளிறும். எனவே கண்ணால் பார்த்துக் கடையில் நிறம் பொருத்துவது பயன்படாது.

மரப்பலகைமேல் வினைல் பலகை போர்த்தினால் பராமரிப்பே இல்லை என்கிறார்களே?

பராமரிப்புத் தேவை கண்ணுக்குத் தெரியாது என்பதே சரி. போர்த்துவதற்கு ஜன்னல் புருவங்களையும் மூலைக் கட்டைகளையும் வெட்டிச் சமமாக்குவார்கள். அடையாளக் கூறுகள் அங்கேயே போய்விடும். அதன்பின் உள்ளே நடக்கும் கசிவு கண்ணில் படாது. ஏற்கெனவே போர்த்திய வீட்டை வாங்கினால் மனம் தளர வேண்டாம், அடியில் அசல் பலகை பல நேரம் அப்படியே இருக்கும். வெட்டிய விளிம்புகளின் நிழல் பழைய பெயின்டில் பதிந்திருக்கும். அதை அளந்து மறுபடி செய்யலாம்.

சுவருக்குள் குளிர்காப்புப் பஞ்சை அடைக்கலாமா?

கடைசியாக. முதலில் மேல்மாடத் தளம், பிறகு கதவு ஜன்னல் இடுக்குகள், பிறகு தரையடி. சூட்டில் பெரும்பங்கு போவது மேலே. கூரைச் சரிவு குறைவென்பதால் விளிம்பில் இடம் ஒடுங்கும். அங்கே பஞ்சை அழுத்தி அடைத்துக் காற்றோட்டத்தை மூடிவிடாதீர்கள். சுவருக்குள் துளையிட்டு ஊதும் பஞ்சு, ஈரம் கசியும் சுவரில் நனைந்த மெத்தைபோல் தங்கிவிடும்.

சுவரைத் திறக்க நேர்ந்தால் இரண்டைப் பாருங்கள். பீங்கான் உருளைகளில் ஓடும் பழைய மின்கம்பி இருந்தால் அதைச் சுற்றிப் பஞ்சு போடக்கூடாது, சூடு வெளியேறாது. பல காப்பீட்டு நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை. மற்றது, அடிச்சட்டத்திலிருந்து கூரைவரை ஒரே கம்பமாக ஓடும் சட்டக அமைப்பு. கம்பங்களுக்கு இடையிலான வெற்றிடம் நிலவறையில் பிடிக்கும் தீக்குப் புகைபோக்கி மாதிரி. ஒவ்வொரு தளத்திலும் குறுக்குக் கட்டை அறைந்து அடையுங்கள். வெளியே யாருக்கும் தெரியாது, மதிப்புக்கும் சேதமில்லை.

நிலநடுக்கத்தில் மரவீடு தாங்கும் அல்லவா?

சட்டகம் வளைந்து கொடுக்கும். ஆனால் அது அடித்தளத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தால் சறுக்கி விழும். இந்தக் கடற்கரையில் 1700 ஜனவரி 26 அன்று 9 அளவை ஒட்டிய நிலநடுக்கம் வந்தது. 1946இலும் தீவில் 7ஐத் தாண்டியது. அடிச்சட்டத்தை அடித்தளத்தோடு போல்ட்டால் பிணைப்பது, அடித்தளத்துக்கும் முதல் தளத்துக்கும் இடையிலுள்ள குட்டைச் சுவரை உள்பக்கம் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டால் இறுக்குவது ஆகிய இரண்டும் முதல் வேலை. போல்ட் இடைவெளி வழக்கமாக 1.2 முதல் 1.8 மீட்டர், பொறியாளர் கணக்கிட்டதே முடிவு. கல் அடித்தளத்தில் போல்ட் பிடிக்காது. உள்பக்கம் கான்கிரீட் விட்டம் ஓட்ட வேண்டிவரும்.

ஆபத்தானது புகைபோக்கி. அதுவும் அடையாளக் கூறு. கூரைக்கு மேலுள்ள பகுதியைப் பிரித்து, உள்ளே கம்பி வலுவூட்டி, அதே செங்கலை வெளிமுகத்தில் வைத்துக் கட்டுவது ஏற்கப்பட்ட வழி. காரை சுண்ணாம்புக் கலவையாக இருக்கட்டும். சிமென்ட் மிகுந்தால் பழைய செங்கலின் முகம் உதிரும்.

பின்னால் ஓர் அறை சேர்த்துக் கட்டலாமா? வீட்டையே வேறு இடத்துக்கு நகர்த்தினால்?

சேர்க்கலாம். தெருவிலிருந்து தெரியாமல், உயரத்தில் தாழ்ந்து, பார்த்தால் புதியது என்று புரியும்படி, நாளை எடுத்துவிட்டால் பழையது முழுமையாக மீளும்படி இருக்க வேண்டும். பழைய தாங்குகட்டையை நகலெடுத்துப் புது அறையில் ஒட்டுவது கூடாது. எது 1863, எது நேற்று என்று குழம்பிப்போகும்.

நகர்த்துவதும் இந்தக் கரையில் புதிதல்ல, மரவீட்டைத் தூக்கிப் படகில் ஏற்றிப்போவது உண்டு. கட்டட மதிப்பு ஓரளவு பிழைக்கும். எமிலி கார் வீடு போன்ற ஒன்றில், பிறந்த இடம் என்ற மதிப்பு அந்த மண்ணோடு ஒட்டியது. அது கூடவே வராது. இடிப்புக்கு மாற்றாக மட்டும் யோசிக்க வேண்டிய வழி.

இப்படி ஒரு வீட்டை வாங்குமுன் ஒரே நாளில் எதைப் பார்ப்பது?

நகராட்சியில் வீட்டின் நிலையையும் மதிப்பு விளக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு, அடையாளக் கூறுகளின் பட்டியலோடு போங்கள். பட்டியலில் உள்ளது இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வாருங்கள். காணாமல் போனதற்கு அனுமதி எடுத்தார்களா என்று கேளுங்கள். அடுத்து நிலவறையில் அடிச்சட்டத்தைக் குத்தூசியால் எட்டுப் பத்து இடத்தில் குத்துங்கள், குறிப்பாக வெளியே மண் பலகையைத் தொடும் இடங்களில். மேல்மாடத்தில் விளக்கை அணைத்துவிட்டு வெளிச்சம் எங்கே கசிகிறது என்று பாருங்கள். தொலைநோக்கியால் இறவாணத்தைச் சுற்றிலும் பார்த்து, தாங்குகட்டைகளை எண்ணுங்கள். ஒரு முகத்தில் 12, இன்னொன்றில் 9 என்றால் மூன்று எங்கே போயின என்பது விலைப்பேச்சில் உங்களுக்கு உதவும். சில நேரம் அவை நிலவறை மூலையிலேயே கிடக்கும்.

முடிந்தால் நவம்பரிலோ டிசம்பரிலோ, மழை பெய்யும் நாளில் போங்கள்.